நாக்குப்பூச்சி பூச்சியே இல்லீங்க!

ஐப்பசி மழை ரெண்டு நாள் சேர்ந்தாப்போல அடிச்சா போதும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் தரைத்தள வீடுகள்ல பாத்ரூம் ஓரத்துல, வாசப்படி இடுக்குல, துணி துவைக்கிற கல்லுக்கு அடியில மண்புழு நெளிய ஆரம்பிச்சிடும். உடனே உள்ளேயிருந்து ஒரு குரல் வரும்: "ஐயோ, பூச்சி! அந்த மருந்த எடுத்துட்டு வா!" எறும்புப் பொடியோ, ப்ளீச்சிங் பவுடரோ, கல் உப்போ, கையில் கிடைத்ததைத் தூவுவார்கள். அஞ்சு நிமிஷத்துல ஆட்டம் க்ளோஸ்.

அது பூச்சியா? இல்லை. சரி, பூச்சி இல்லைன்னா அது என்ன? யாருக்குச் சொந்தம்? இந்தக் கேள்விக்கு உருப்படியான பதில் கிடைக்க, அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து கணக்கு வைத்தால் சுமார் 2300 வருஷம் ஆகியிருக்கிறது. பெரிய திருத்தம் ஒன்று 1997-ல்தான் வந்தது. அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க :-)

முதல்ல நம்ம வீட்டு வார்த்தைகளைப் பார்ப்போம். தமிழில் 'பூச்சி' என்ற சொல்லுக்கு எல்லையே கிடையாது. பட்டாம்பூச்சி பூச்சி, சரி. எட்டுக்கால் பூச்சிக்கு எட்டுக் கால் என்று பெயரிலேயே ஒப்புக்கொண்டுவிட்டு, பூச்சி என்றும் சேர்த்துக்கொள்கிறோம் (பூச்சிக்கு ஆறு கால்தான்). பட்டுப்புழு உண்மையில் ஒரு பூச்சியின் இளம்பருவம், ஆனா அதுக்குப் பேரு புழு. கம்பளிப்பூச்சியும் அதே மாதிரி இளம்பருவம்தான், அதுக்குப் பேரு பூச்சி. சின்னக் குழந்தைகளைப் பயமுறுத்தணும்னா பூச்சாண்டி வேற. எங்க போய் முட்டிக்கிறது?

மண்புழுவுக்கு வந்தால் இன்னும் குழப்பம். பழைய தமிழில் அதன் பெயர் நாங்கூழ். திருவாசகத்தில் மாணிக்கவாசகர், ஐம்புலன்களால் அரிக்கப்படும் தன் நிலையை எறும்புக் கூட்டத்தின் நடுவே மாட்டிக்கொண்ட நாங்கூழோடு ஒப்பிடுகிறார். மழை நின்ற மறுநாள் காலையில் தெருவில் பார்த்திருப்பீர்களே, அதே காட்சி. பேச்சு வழக்கில் பல பேர் அதை நாக்குப்பூச்சி என்பார்கள். அதே நாக்குப்பூச்சி என்ற பெயரை, குழந்தைகள் வயிற்றில் இருக்கும் உருளைப்புழுவுக்கும் வைத்திருக்கிறோம். இந்த ஒரே பெயர், ரெண்டு ஆள் விவகாரத்தை ஞாபகத்துல வச்சுக்கோங்க. கடைசியில இதுலதான் ட்விஸ்ட்.

சரி, மண்புழுவும் பூச்சியும் எதில் வேறுபடுகின்றன? தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்பு விலங்கியல் புத்தகத்தில் மண்புழுவும் கரப்பானும் அடுத்தடுத்து வருகின்றன. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்க்க வசதி. மண்புழுவுக்கு அங்கே எடுத்துக்காட்டு நம்ம ஊர் மண்ணிலேயே இருக்கும் 'லாம்பிட்டோ மாரிட்டி'. மாரிட்டி என்றால் மொரீஷியஸ்காரன் என்று பொருள். கின்பெர்க் என்ற ஸ்வீடன் நாட்டவர் 1867-ல் அப்படிப் பெயர் வைத்தார். ஆள் நம்ம ஊர்க்காரன், பேர் மட்டும் ஃபாரின்.

கரப்பானுக்கு உடம்பு தலை, மார்பு, வயிறு என்று மூணு பகுதி. மார்பில் மூணு ஜோடிக் கால். மேலே கைட்டின் என்ற பொருளால் ஆன கெட்டியான உறை. வளரணும்னா பழைய சட்டை பத்தாது, கழற்றிப் போட்டாகணும். அதுதான் தோலுரித்தல். மண்புழுவுக்குக் காலும் இல்லை, கெட்டி உறையும் இல்லை. 165 முதல் 190 வரை வளையங்கள், வளையத்துக்கு வளையம் நுண்ணிய முட்கள், அவ்வளவுதான். அந்த முட்களை மண்ணில் ஊன்றி ஊன்றித்தான் நகர்கிறது. வளர்வதற்குச் சட்டை கழற்ற வேண்டிய அவசியம் கிடையாது. 14 முதல் 17 வரையுள்ள வளையங்களில் கொஞ்சம் தடித்த பட்டை ஒன்று தெரியும். முட்டைக்கூடு உருவாவது அந்தப் பட்டையில்தான்.

கரப்பான் மூச்சுவிட உடம்பின் பக்கவாட்டில் பத்து ஜோடித் துளைகள் உண்டு. காற்று குழாய் வழியாக நேராகத் திசுக்களுக்கே போய்விடும். ரத்தத்துக்கு அங்கே ஆக்சிஜன் சுமக்கும் வேலை இல்லை. அதனால் சிவப்பு நிறமும் இல்லை. மண்புழுவுக்கு மூக்கும் இல்லை, துளையும் இல்லை, தோல் முழுக்க மூச்சுதான். தோல் ஈரமாக இருந்தால்தான் உயிர். உள்ளே ஓடுவது நம்மைப் போலவே ஹீமோகுளோபின் கலந்த சிவப்பு ரத்தம், அதுவும் மூடிய குழாய்களுக்குள். கரப்பானில் ஆண் வேறு, பெண் வேறு. மண்புழுவில் ஒவ்வொன்றும் ஆணும்தான், பெண்ணும்தான். ஆனாலும் இணை சேர இன்னொரு புழு வேண்டும்.

இந்த வித்தியாசம் படித்த பிள்ளைகளுக்கு மட்டும் தெரிகிற சமாச்சாரம் இல்லை. வீட்டிலேயே தெரியும். உப்பைத் தூவினால் மண்புழு துடித்துச் சாகும், எறும்பு 'போய்யா' என்று நடந்து போகும். எறும்புக்கு உறை இருக்கிறது. மண்புழுவின் ஈரத்தோல் வழியாக உப்பு தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிடும். நத்தைக்கும் உப்பு ஆகாது. இதையும் ஞாபகத்துல வச்சுக்கோங்க.

இப்ப வரலாறு. உயிர்களை வகைப்படுத்துவது என்றதும் நம்மாட்கள் உடனே தொல்காப்பியத்துக்குப் போவோம். போகலாம், தப்பில்லை. மரபியலில் உயிர்கள் அறிவின், அதாவது புலன்களின் எண்ணிக்கையை வைத்துப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. புல்லுக்கும் மரத்துக்கும் தொடுவுணர்வு மட்டும், ஓரறிவு. நத்தைக்கும் சிப்பி வகைக்கும் சுவையும் சேர்ந்து ஈரறிவு. கரையானுக்கும் எறும்புக்கும் மோப்பமும் சேர்ந்து மூவறிவு. நண்டுக்கும் தும்பிக்கும் கண்ணும் சேர்ந்து நாலறிவு. அப்புறம் விலங்கு, அப்புறம் மனுஷன். மண்புழுவின் பெயர் இந்தப் பட்டியலில் இல்லை. ஆனா ஒவ்வொரு வகையிலும் அந்த இனத்தில் வேறு உயிர்களும் உண்டு என்று கதவைத் திறந்தே வைத்திருக்கிறார்.

அந்த இடத்தைச் சமணர்கள் நிரப்பியிருக்கிறார்கள். உமாஸ்வாதியின் தத்வார்த்த சூத்திரத்திலும் இதே புலன் கணக்குதான். அங்கே புழுவுக்கு ரெண்டு புலன், எறும்புக்கு மூணு, வண்டுக்கு நாலு. ஒரு படி தள்ளித்தான் என்றாலும் புழுவும் பூச்சியும் வேறு வேறு அறையில் உட்கார்ந்துவிட்டன. அம்பத்தூரிலிருந்து பக்கத்தில்தான் புழல், அங்கே பழைய ஆதிநாதர் சமணக் கோயில் இருக்கிறது. சமணர்களுக்கு இந்தப் பட்டியல் வெறும் ஏட்டுப் படிப்பில்லை. எந்த உயிரைக் கொன்றால் எவ்வளவு பாவம் என்ற கேள்வியோடு சேர்ந்தது அது.

கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில், உடம்பில் வெட்டு வெட்டாகக் கோடு விழுந்த உயிர்களுக்கு ஒரு தனிக் குழு வைத்தார். ஐரோப்பிய மொழிகளில் பூச்சியைக் குறிக்கும் 'இன்செக்ட்' என்ற சொல்லின் பொருளே 'வெட்டுண்டது' என்பதுதான். மண்புழுவை அவர் சொன்ன விதம் வேறு: மண்ணின் குடல்! விலாங்கு மீன் இந்த மண்ணின் குடலிலிருந்துதான் பிறக்கிறது என்று வேறு நம்பினார். பெரிய மனுஷங்களும் சறுக்குவாங்க.

அடுத்த பெரிய ஆள் ஸ்வீடனின் லின்னேயஸ். 1758-ல் வந்த தன் பத்தாம் பதிப்பில் மண்புழுவுக்கு 'லம்ப்ரிகஸ் டெரெஸ்ட்ரிஸ்' என்று பெயர் வைத்தார். விலங்குகளை ஆறு வகுப்பாகப் பிரித்தார். அஞ்சாவது பூச்சிகள், ஆறாவது புழுக்கள். அப்பாடா, பிரிச்சுட்டாருய்யா என்று சந்தோஷப்பட வேண்டாம். அவருடைய பூச்சி வகுப்பில் நண்டு, தேள், சிலந்தி, பூரான் எல்லாம் இருந்தன. புழு வகுப்போ நம்ம வீட்டுப் பரண் மாதிரி. எங்க வைக்கிறதுன்னு தெரியாததையெல்லாம் தூக்கி அங்கே போட்டுவிட்டார். நத்தை, சிப்பி, நட்சத்திர மீன், அட்டை எல்லாம் உள்ளே. ஹேக்ஃபிஷ் என்ற மீனைக்கூடப் புழு என்று அங்கே தள்ளிவிட்டார்.

இன்னொரு வேலையும் செய்தார். மனுஷன் குடலில் இருக்கும் உருளைப்புழுவுக்கு 'ஆஸ்காரிஸ் லம்ப்ரிகாய்டெஸ்' என்று பெயர் வைத்தார். லம்ப்ரிகாய்டெஸ் என்றால் 'மண்புழு மாதிரி இருக்கிறது' என்று அர்த்தம். நம்ம வீட்டுக் கிழவிகள் ரெண்டுக்கும் நாக்குப்பூச்சி என்று பேர் வைத்ததும், ஸ்வீடன் பேராசிரியர் லத்தீனில் வைத்ததும் ஒரே காரணத்துக்காக: பார்க்க ஒரே மாதிரி இருக்கு, அவ்வளவுதான்.

பரணை ஒழுங்குபண்ண வந்தவர் பிரான்ஸின் லமார்க். அவர் அடிப்படையில் தாவரவியல்காரர். 1793-ல் பாரிஸ் அருங்காட்சியகத்தில் பேராசிரியர் பதவிகளைப் பிரித்துக் கொடுத்தபோது, பூச்சிகளும் புழுக்களும் இவர் தலையில் விழுந்தன. அப்போது வயசு கிட்டத்தட்ட ஐம்பது. மனுஷன் அலுத்துக்கொள்ளாமல் வேலையை ஆரம்பித்தார். முதுகெலும்பில்லாதவை என்ற பெயரே அவர் தந்ததுதான். நண்டு வகையையும் சிலந்தி வகையையும் பூச்சிகளிடமிருந்து பிரித்தார். 1802-ல் மண்புழு, அட்டை ஆகியவற்றின் கூட்டத்தைத் தனியே எடுத்து 'அன்னெலிட்' என்று பெயர் வைத்தார். சின்ன வளையங்கள் என்று பொருள். நம்ம புத்தகத்தில் வளைதசைப் புழுக்கள். மண்புழுவுக்குன்னு ஒரு சொந்த வீடு முதன்முதலில் கிடைத்தது அப்போதுதான்.

ஆனால் அந்த வீடு எந்தத் தெருவில் இருக்கிறது? அங்கேதான் குவியே உள்ளே வந்தார். லமார்க்கின் அதே அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தவர், பெரிய உடற்கூறு நிபுணர். மண்புழுவுக்கும் உடம்பு வளையம் வளையம், பூச்சிக்கும் கண்டம் கண்டம். ரெண்டுக்கும் நரம்பு வடம் முதுகுப் பக்கம் இல்லை, வயிற்றுப் பக்கம் ஓடுகிறது. ஆகவே ரெண்டும் நெருங்கிய சொந்தம் என்று 1812-ல் இரண்டையும் ஒரே பெரும்பிரிவில் சேர்த்துவிட்டார். கேட்க நல்லாத்தான் இருந்தது. கணுக்காலிகள் என்ற தனித் தொகுதி 1840-களில் உருவான பிறகும், அதற்கு அடுத்த வீடு வளைதசைப் புழு என்பது மாறவில்லை. இங்கே விலங்கியல் படித்தவர்களைக் கேளுங்க. 'வளைதசைப் புழுக்களுக்கும் கணுக்காலிகளுக்கும் இணைப்புப் பாலம் எது?' என்ற கேள்விக்கு 'பெரிபேட்டஸ்' என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். போட்டித் தேர்வு கைடுகளின் நிரந்தரக் குடிமகன் அது.

நடுவில் டார்வினைச் சொல்லாமல் போனால் சாமி குத்தமாயிடும். 1881-ல், சாவதற்கு முந்தின வருஷம், அவர் வெளியிட்ட கடைசிப் புத்தகம் முழுக்க மண்புழுவைப் பற்றித்தான். அதில் ஒரு படம் நம்ம நீலகிரி மண்புழு போட்ட எச்சக் குவியல். டார்வின் மண்புழுவுக்கு எத்தனை புலன் என்றும் சோதித்துப் பார்த்தார். விசில் ஊதினார். மகன் பஸ்ஸூன் என்ற குழல் வாத்தியம் வாசித்தார். பியானோவும் வாசித்துக் காட்டினார்கள். புழு கண்டுகொள்ளவே இல்லை. ஆனால் புழு இருந்த தொட்டியைப் பியானோ மேலேயே வைத்து ஒரு கட்டையைத் தட்டியதும் வளைக்குள் ஓடிவிட்டது. காது கிடையாது, அதிர்வு மட்டும் தெரியும். கண்ணும் கிடையாது, ஆனால் வெளிச்சம் தோலில் பட்டால் உணரும். தொல்காப்பியர் மரபில் வந்தவர்கள் எண்ணிப்பார்த்த அதே புலன்களை இவர் பானையில் வைத்துச் சோதித்திருக்கிறார்.

இந்தியாவில் இந்த வேலையைத் தூக்கிச் சுமந்தவர் ஜான் ஸ்டீபென்சன் என்ற ராணுவ மருத்துவ அதிகாரி. பிரிட்டிஷ் இந்திய விலங்குகள் வரிசையில் மண்புழு வகைகளுக்கான தொகுதியை 1923-ல் எழுதினார். அதே வரிசையில் பூச்சிகளுக்கு எத்தனையோ தொகுதிகள் வந்தன. மண்புழுவுக்கு ஒன்றே ஒன்று.

இப்ப 1997. அகினால்டோவும் அவருடைய சகாக்களும் பலவித விலங்குகளின் ரைபோசோம் ஆர்.என்.ஏ மரபணு ஒன்றை வரிசையாக வைத்து ஒப்பிட்டு, நேச்சர் இதழில் ஒரு கட்டுரை போட்டார்கள். வளையம், நரம்பு எதையும் பார்க்காமல் மரபணு எழுத்துக்களை மட்டும் ஒப்பிட்டால் யார் யாருக்குச் சொந்தம்? பூச்சி, நண்டு, சிலந்தி எல்லாம் ஒரு பக்கம். அவற்றோடு ஒட்டிக்கொண்டு வந்தது மண்புழு இல்லை, உருளைப்புழு! ரெண்டுக்கும் பொது, சட்டை கழற்றும் பழக்கம். ஆமாம், உருளைப்புழுவும் வளரும்போது தோலுரிக்கும். இந்தக் கூட்டத்துக்குத் தோலுரிப்பவை என்ற பொருளில் 'எக்டைசோசோவா' என்று பெயர் வைத்தார்கள். மண்புழு எங்கே போச்சு? அதற்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 1995-லேயே இன்னொரு குழு அடையாளம் காட்டிய வேறொரு பெருங்கூட்டத்தில் இருந்தது. அங்கே பக்கத்து வீட்டுக்காரர்கள் நத்தையும் சிப்பியும். கடலில் வாழும் வளைதசைப் புழுக்களுக்கும் கடல் நத்தைகளுக்கும் ஒரே சாயலில் ஒரு இளம்பருவம் உண்டு என்பது முன்னாடியே தெரிந்த விஷயம்தான். அதைவிட வளையம் பெரிய சாட்சியாகப் பட்டதால் குவியே பக்கம் சாய்ந்துவிட்டார்கள். ஆரம்பத்தில் சண்டை நடந்தது. பிறகு வந்த பெரிய மரபணு ஆய்வுகள் இந்தப் பிரிவினையை உறுதிப்படுத்தின. பெரிபேட்டஸும் தோலுரிக்கும் கூட்டத்தில்தான் இருக்கிறது. பாலம் காலி.

இப்ப அந்த நாக்குப்பூச்சி ட்விஸ்டுக்கு வருவோம். ஒரே பெயர் வைத்த ரெண்டு பேரில், வயிற்றுக்குள் இருப்பது உண்மையிலேயே பூச்சிகளுக்குத் தூரத்துச் சொந்தம். பாத்ரூமில் நெளிவது நத்தைக்குச் சொந்தம். உப்பு போட்டா ரெண்டும் சாவது அதனால்தான் என்று அவசரப்பட வேண்டாம். அது ஈரத்தோலின் விஷயம், சொந்தத்துக்குச் சாட்சி இல்லை. பார்த்த மாதிரி இருக்கிறதை வைத்து முடிவு கட்டினால் குவியே கதைதான்.

இதையே இன்னொரு பக்கமும் சொல்லணும். 'நத்தையையும் புழுவையும் ஈரறிவில் வைத்தார்கள், நண்டையும் தும்பியையும் நாலறிவில் சேர்த்தார்கள், இன்றைக்கு டி.என்.ஏ அதையே சொல்கிறது, பார்த்தீர்களா முன்னோர் அறிவை' என்று ஒரு ஃபார்வர்ட் தயாரிக்கக் கை அரிக்கும். தயவுசெய்து வேண்டாம். அவர்கள் எண்ணியது புலன்களை, வம்சாவளியை அல்ல. அதே கணக்கில் எறும்பும் தும்பியும் வேறு வேறு அறையில் இருக்கின்றன, இத்தனைக்கும் ரெண்டும் பூச்சிகள்தான். உயிர்களைக் கூர்ந்து பார்த்து ஒரு ஒழுங்கில் வைக்க முயன்றார்கள் பாருங்க, பெருமைப்பட அதுவே போதும்.

'சரிப்பா, எந்தக் கூட்டமாயிருந்தா எனக்கென்ன?' என்பவர்களுக்கு: இருக்கு. தமிழில் 'பூச்சி மருந்து' என்றால் பயிருக்கு அடிப்பதும் அதுதான், குழந்தைக்குக் கொடுக்கும் மாத்திரையும் அதுதான். பள்ளிகளில் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரைக்கு அரசாங்கம் குடற்புழு நீக்க மாத்திரை என்று சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறது, வீட்டில் அது பூச்சி மாத்திரை. அந்த மாத்திரையின் வேதிக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் கார்பெண்டசிம் என்ற பூஞ்சாணக்கொல்லி. பயிரில் பூஞ்சாணத்துக்காக அடிப்பது, மண்ணில் இறங்கி மண்புழுவுக்குக் கேடு செய்கிறது. மண்புழுச் சோதனைகளில் 'இது நிச்சயம் பாதிக்கும்' என்று ஒப்பீட்டுக்காக வைப்பதே கார்பெண்டசிம்மைத்தான். பூச்சிக்காக விற்கப்பட்ட கார்பரில் மண்புழுவுக்கு மிகக் கொடிய விஷம். இந்தியாவில் அதை 2018-ல் தடை செய்தார்கள். மாறாக டைஃப்ளூபென்சுரான் போன்ற மருந்துகள் கைட்டின் உறை உருவாவதைத் தடுத்து, தோலுரிக்கும்போது பூச்சியைக் கொல்கின்றன. சட்டையே கழற்றாத மண்புழுவுக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. யார் எந்தக் கூட்டம் என்று தெரிந்தால்தான் யாரைக் கொல்கிறோம் என்றும் தெரியும்.

இதை நம்ம சென்னையிலேயே பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர் மண்ணியல் அறிஞர் சுல்தான் அகமது இஸ்மாயில். நியூ காலேஜில் பேராசிரியராக இருந்தவர். மண்புழு உரம் என்றாலே வெளிநாட்டுப் புழுவை வாங்கு என்று எல்லோரும் ஓடிய காலத்தில், உள்ளூர் லாம்பிட்டோ மாரிட்டியும் பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸும் போதும் என்று வேலை செய்து காட்டினார். அவருடைய மண்புழுவியல் பாடநூல் வந்த வருஷம் எது தெரியுமா? அதே 1997.

நம்ம மேற்குப் புறநகரில் ஏரிப் பாசன வயல்களெல்லாம் ஒவ்வொன்றாக மனைப்பிரிவு ஆகிவிட்டன. வீட்டைச் சுற்றி மிச்சமிருந்த நாலடி மண்ணுக்கும் சிமென்ட்டோ பேவர் பிளாக்கோ போட்டாச்சு. மழை பெய்தால் மேலே வந்த புழு திரும்பி இறங்க இடமில்லாமல் ஈரம் தேடிப் பாத்ரூமுக்கு வருகிறது. அது கடிக்காது, கொட்டாது, சோற்றில் வாய் வைக்காது. ஒரு பழைய பேப்பரில் அள்ளி ரோஜாத் தொட்டியிலோ முருங்கை மரத்தடியிலோ போட்டால் வேலை முடிந்தது.

சரி, உங்க ஊர்ல இதுக்கு என்ன பேரு? நாங்கூழ், நாக்குப்பூச்சி, மண்புழு தவிர வேற பேர் ஏதாவது இருந்தா, ஊர் பேரோட சேர்த்துச் சொல்லிட்டுப் போங்க. எந்த ஊர்ல பூச்சி, எந்த ஊர்ல புழுன்னு ஒரு கணக்கு எடுத்துடலாம் :-)